விமானியும் 90 நாள் விதியும்

கைத்தொழிலாயினும் கலையாயினும், ஒருவன் அதனை நன்கு கற்றுத் தேர்ந்தபின் நெடுநாள் தீண்டாது விட்டிருப்பின், அது அவனை விட்டு மெல்ல அகலுகின்றது. மிருதங்கம் வாசிப்பவன் மூன்று மாதம் வாளாவிருந்து மீண்டும் வாசிக்கப் புகுந்தால் அவன் விரல் தடுமாறும்; கேட்போர் முகஞ் சுளிப்பர்; அதற்குமேல் நேரும் தீங்கு ஒன்றுமில்லை. ஆகாய விமானம் செலுத்துவோன் மூன்று மாதம் வாளாவிருந்தபின் தன் நண்பரையும் அவர்தம் மக்களையும் ஏற்றிக்கொண்டு புறப்படுவானாயின், அவனுடைய தடுமாற்றத்திற்குக் கொடுக்க வேண்டிய விலை வேறு. அவ்விலையை முன்னரே எண்ணிச் சட்டம் இட்டிருக்கும் ஒரு சிறு வேலியைக் குறித்து ஈண்டுக் கூறப் புகுகின்றோம். இவ்வகை விதி பல நாடுகளிலும் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் விதி தெளிவாகவும், நுணுக்கங்கள் மிகுந்ததாகவும் இருத்தலால் அதனையே முதன்மையாக எடுத்துக்கொள்வோம்.

அந்நாட்டில் தனி விமானி எனப்படுவோர் இலட்சத்துக்கு மேற்பட்டவர் உளர். இவர்கள் கூலிக்கு விமானம் ஓட்டுபவரல்லர். வைத்தியர், வியாபாரி, பள்ளி ஆசிரியர், குடியானவர் என்று பல தொழிலிலும் இருந்துகொண்டு, தம் விருப்பத்திற்காகவும் சொந்த அலுவலுக்காகவும் சிறு விமானங்களைச் செலுத்துபவர். உடன் வருவோரிடம் எரிபொருட் செலவு முதலியவற்றில் பங்கு பெற்றுக்கொள்ளலாம். எனினும் விமானியும் தன் பங்கைக் குறையாமல் செலுத்தவேண்டும். இலாபம் பெறுதல் கூடாது. பொதுவான பயிற்சி முறையில் குறைந்தது 40 மணி நேரமேனும் பறந்து பழகியவரே தேர்வுக்குச் செல்லலாம். தேர்வில் வென்று ஒருமுறை அநுமதிப் பத்திரம் பெற்றுவிட்டால் அது ஆயுள் முழுவதும் செல்லும். அதனைப் புதுப்பிக்க வேண்டியதில்லை.

இதனைக் கேட்ட அளவில் நம்மனோர்க்கு அச்சம் உண்டாதல் இயல்பு. இருபது ஆண்டுகளுக்கு முன் தேர்வில் வென்றவன், இடையிற் பத்தாண்டு விமானத்தைக் கண்ணாலும் பாராதவன், நாளைக் காலையில் நம்மை ஏற்றிச் செல்லலாமோ? கூடாது. பத்திரம் அழியாதாயினும், அதனைப் பயன்படுத்தும் உரிமைக்குச் சில நிபந்தனைகள் உள. உடல்நலத் தகுதி இருத்தல் வேண்டும். 24 மாதங்களுக்கு ஒருமுறை ஓர் ஆசிரியருடன் குறைந்தது ஒரு மணி நேரம் விதிகளைப் பற்றி உரையாடியும், ஒரு மணி நேரம் பறந்தும் தன் திறமையைக் காட்டவேண்டும். இவ்விரண்டும் தனியே பறப்பவனுக்கும் உரியவை. பிறரை ஏற்றிச் செல்ல விரும்புபவனுக்கோ மற்றொன்றும் வேண்டும். விமானிகளைப் பற்றிய சட்டத்தின் 61ஆம் பகுதியிலே 57ஆம் பிரிவாக அமைந்திருப்பது அது. அதன் சாரம் இதுவே: புறப்படும் நாளுக்கு முந்திய 90 நாட்களுக்குள், அதே இனத்தையும் வகுப்பையும் சேர்ந்த விமானத்தில், தானே கருவிகளைக் கையாண்டு மூன்று முறை மேலே எழும்பி மூன்று முறை இறங்கியிராத விமானி, பிரயாணி எவரையும் ஏற்றிச் செல்லலாகாது.

பறத்தலில் எத்தனையோ பகுதிகள் இருக்க, எழும்புதலையும் இறங்குதலையும் மட்டும் சட்டம் எண்ணுவானேன்? நடுவானில் நேரே செல்லும் விமானம் தன்னைத்தானே ஏறக்குறையத் தாங்கிக்கொள்ளும். விமானி சிறிது கையயர்ந்தாலும் அது பொறுக்கும். தரையை அணுகும்பொழுது அப்பொறுமை அற்றுப்போகின்றது. சிறு விமானங்களுக்கு நேரும் விபத்துக்களில் இறங்கும் வேளையில் நேர்வனவே மிகுதி; அவற்றுட் பலவற்றில் உயிர் தப்புகின்றது, விமானம் ஒடிகின்றது என்பது ஓர் ஆறுதல்.

இறங்குதல் என்பது யாதென்று சிறிது விரித்துரைப்போம். விமானி நிலையத்தை நெருங்கியதும், தரைக்குச் சுமார் 1,000 அடி உயரத்தில், ஓடுபாதைக்குப் பக்கமாகக் காற்று வீசும் திசையிலேயே சிறிது தூரம் செல்லுகின்றான். பாதையின் முனையைக் கடந்தபின் வேகத்தைக் குறைத்து, இறக்கையின் பின்புறத்துள்ள மடிப்புத் தகடுகளைத் தாழ்த்தி, இருமுறை செங்கோணமாகத் திரும்பிப் பாதைக்கு நேரே வருகின்றான். நாற்பேர் அமரும் செஸ்னா 172 போன்ற விமானம் அப்பொழுது மணிக்குச் சுமார் 75 மைல் வேகத்தில் இருக்கும். அவன் ஒரு கண்ணால் வேகமானியையும் மறு கண்ணால் பாதையின் முனையையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு வருகின்றான். முனை கண்ணாடியில் மேலேறிச் செல்லுமாயின் விமானம் பாதையை எட்டாது; கீழிறங்கிச் செல்லுமாயின் அதனைத் தாண்டிவிடும்; அசையாது நிற்குமாயின் வழி சரி. இவ்வளவும் புத்தகத்திற் படித்து அறியத்தக்கதே.

புத்தகத்தில் அகப்படாதது அடுத்த பத்து விநாடி. தரைக்கு இருபது அடிக்கும் குறைவான உயரத்தில் விமானி மூக்கை மெல்ல நிமிர்த்துகின்றான். இறக்கத்தின் வேகம் குறைகின்றது. தரைக்கு மிக அருகில் இறக்கையின் கீழ்ப்பட்ட காற்று விமானத்தை ஏந்துவது போல் இருக்கும். வேகம் மிகுதியாயிருப்பின் அது இறங்க மறுத்துப் பாதையின் மேல் மிதந்துகொண்டே போகும். மூக்கை இன்னும் சிறிது, இன்னும் சிறிது என்று உயர்த்தி, இறக்கையின் தாங்கும் ஆற்றல் அற்றுப்போகும் அத்தறுவாயில் பின்சக்கரங்கள் இரண்டும் தரையைத் தொடும்படி செய்தல் வேண்டும். இரண்டு விநாடி முன்னதாக நிமிர்த்தினால் விமானம் பத்தடி உயரத்தில் நின்று தொப்பென விழும். பின்னதாக நிமிர்த்தினால் முன்சக்கரம் தரையில் மோதித் துள்ளும். துள்ளியதை அடக்க எண்ணி விமானி மூக்கைத் தாழ்த்தினால் அடுத்த துள்ளல் முன்னதினும் பெரிதாகும். மூன்றாந் துள்ளலில் முன்சக்கரத்தின் கால் முறிவதுமுண்டு. அந்நிலையில் செய்யத்தக்கது, இயந்திரத்திற்கு முழு விசை கொடுத்து மேலே எழும்பி மீண்டும் சுற்றிவருதலே. இது எல்லா விமானிக்கும் தெரியும். தெரிந்ததனை அந்தக் கணத்தில் கை தானே செய்தல் வேண்டும். எண்ணிப் பார்த்துச் செய்ய அவகாசமில்லை. உயரத்தை அளக்கும் கண்ணும், அக்கண் சொல்வதைக் கேட்கும் கையுமே பயிற்சியின்மையால் முதலில் மழுங்குவன. பல வாரம் பறவாதவன் பெரும்பாலும் வேகத்தை மிகுதியாக வைத்துக்கொண்டு வருவான். வேகம் குறைந்துவிடுமோ என்ற அச்சமே அதற்குக் காரணம். அம்மிகை வேகமோ பாதையின் பாதியை விழுங்கிவிடும்.

இம்முறைமை சட்டம் பிறக்குமுன்னரே விமானத்துடன் பிறந்தது என்று சொல்லலாம். 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் முதன்முதல் பறந்த ரைட் சகோதரர், 1905 அக்டோபருக்குப்பின் இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் பறக்கவேயில்லை. தம் இயந்திரத்தின் அமைப்பைப் பிறர் கண்டு கவர்ந்துகொள்வர் என்று அஞ்சி, ஒப்பந்தங்கள் கைகூடும் வரையில் அதனை மறைத்து வைத்திருந்தனர். பின்னர் அமெரிக்கப் படையினரோடும் பிரெஞ்சு நாட்டாரோடும் ஒப்பந்தம் முடிந்தது. விமானியோடு மற்றொருவரையும் ஏற்றிப் பறந்து காட்டவேண்டும் என்பது நிபந்தனை. உடனே அவர்கள் பொதுமக்கள் முன்னிலையில் ஒருவரை ஏற்றத் துணிந்தாரல்லர். பழைய இயந்திரத்தையே இருவர் நிமிர்ந்து அமரும்படி மாற்றி, கிட்டி ஹாக்கை அடுத்த மணற்குன்றுகளுக்குச் சென்று, 1908 மே 6ஆம் நாள் முதல் தனித்தனியே பறந்து பழகினர். மே 14ஆம் நாள்தான் தம் தொழிலாளியாகிய சார்லஸ் பர்னஸ் என்பவரை ஏற்றிச் சென்றனர். விமானத்தில் ஏறிய முதற் பிரயாணி என்று அவரைக் கூறுவர்.

அந்நாளிலேயே நிகழ்ந்த மற்றொன்றும் கருதத்தக்கது. முன்னெல்லாம் வில்பர் ரைட் குப்புறப் படுத்தவாறு பறந்து பழகியவர். இப்பொழுதோ உட்கார்ந்து, புதிய கைப்பிடிகளைக் கொண்டு செலுத்தவேண்டியிருந்தது. பிரயாணியை இறக்கிவிட்டபின் அவர் தனியே ஏழு நிமிடத்திற்கு மேல் பறந்து, புதிய பிடியைத் தவறான பக்கம் அசைத்துவிட்டமையால் மணலில் மோதினார். விமானம் நொறுங்கியது, அவருக்குப் பெருங்காயம் இல்லை. உலகில் அந்நாளில் அவரினும் தேர்ந்த விமானி, அவர் தம்பியைத் தவிர, எவருமிலர். பழகாத பிடி, இடைவிட்ட பழக்கம் ஆகிய இரண்டும் சேர்ந்து அவரையே வீழ்த்தின. அவ்வாண்டு செப்டம்பர் 17ஆம் நாள் ஆர்வில் ரைட்டுடன் சென்ற லெப்டினன்ட் தாமஸ் செல்ப்ரிட்ஜ் விமானம் விழுந்து மாண்டார். விமான விபத்தில் உயிர் நீத்த முதற் பிரயாணி அவரே. அதற்குக் காரணம் விசிறி உடைந்தமையேயன்றிப் பழக்கக் குறைவன்று. எனினும், பிறரை ஏற்றுதல் எத்தகைய பொறுப்பு என்பது விமானத்தின் குழந்தைப் பருவத்திலேயே வெளிப்பட்டுவிட்டது.

நிற்க, விதியின் நுணுக்கங்களைக் காண்போம். 90 நாள் என்பது மூன்று மாதம் அன்று, நாளாகவே எண்ணவேண்டும். ஒருவன் மார்ச் 1ஆம் நாள் ஒருமுறையும், 20ஆம் நாள் ஒருமுறையும், ஏப்ரல் 10ஆம் நாள் ஒருமுறையும் இறங்கினான் என்று வைத்துக்கொள்வோம். மே 30ஆம் நாள் அவன் பிரயாணிகளை ஏற்றலாம். மறுநாள் ஏற்றலாகாது, மார்ச் 1ஆம் நாள் 90 நாளுக்கு அப்பாற் போய்விட்டது, கணக்கில் எஞ்சுவன இரண்டே. ஆகவே மூன்றனுள் மிகப் பழையது எதுவோ அதுவே முடிவு நாளைத் தீர்மானிக்கின்றது. கடைசியாக இறங்கிய நாளிலிருந்து எண்ணித் தவறிழைப்பவர் பலர்.

இருவர் விமானிகள் ஒரே விமானத்தில் செல்வாராயின், ஓர் இறக்கம் இருவர் கணக்கிலும் ஏறாது. எவன் கையில் கருவிகள் இருந்தனவோ அவனுக்கே அது உரியது. ஓர் இயந்திரமுள்ள தரை விமானத்தில் இறங்கியது இரண்டு இயந்திரமுள்ளதற்கோ, நீரில் மிதந்திறங்கும் விமானத்திற்கோ செல்லாது. ஹெலிகாப்டருக்குச் செல்லாது என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. அங்கீகாரம் பெற்ற பயிற்சிச் சாலையிலுள்ள போலி விமானக் கருவியில் முறைப்படி செய்த பயிற்சி ஒப்புக்கொள்ளப்படும். வீட்டுக் கணிப்பொறியின் முன் அமர்ந்து ஆடும் பறப்பு விளையாட்டு எத்துணைத் தத்ரூபமாயினும் கணக்கில் வாராது.

மற்றொரு நுணுக்கம் சக்கரத்தைப் பற்றியது. இக்காலத்துச் சிறு விமானங்களிற் பெரும்பாலானவற்றுக்கு மூக்கின் கீழ் ஒரு சக்கரமும், இறக்கையின் கீழ் இரண்டும் உண்டு. இவற்றிற் பகலில் பழகுவோன் தரையைத் தொட்டவுடன் நில்லாமல் மீண்டும் விசை கொடுத்து எழும்பலாம். அதுவும் ஓர் இறக்கமாகவே எண்ணப்படும். 1930, 1940ஆம் ஆண்டுகளில் மிகுதியாகச் செய்யப்பட்ட பைப்பர் கப் போன்றவற்றுக்கோ மூன்றாஞ் சக்கரம் வாலின் கீழ் இருக்கும். அவ்வகையில் பிரயாணியை ஏற்ற விரும்புபவன் வாற்சக்கர விமானத்திலேயே மூன்று முறை இறங்கி, ஒவ்வொரு முறையும் முற்றிலும் நின்றிருக்க வேண்டும். காரணம் விமானத்தின் உடலமைப்பில் உள்ளது. வாற்சக்கர விமானத்தின் எடை மையம் இரு பெருஞ் சக்கரங்களுக்குப் பின்னால் அமைந்திருக்கின்றது. கைவண்டியை முன்னின்று இழுப்பவனுக்கு அது அடங்கிப் பின்தொடரும். அதனையே பின்னின்று தள்ளினால் சிறிது கோணியவுடன் மேலும் கோணிக்கொண்டே போகும் அல்லவா? அதுபோல், ஓடும்பொழுது மூக்கு சற்றே ஒருபுறம் சாய்ந்தால், பின்னுள்ள எடை முன்னே வர முயன்று விமானத்தையே சுழற்றிவிடும். இறக்கை தரையில் உராய்வதும், சக்கரத்தின் கால் ஒடிவதும் அதனால் நேர்வன. இதனைத் தடுப்பது வாலிலுள்ள சுக்கான். அச்சுக்கானோ காற்றின் வேகத்தால் இயங்குவது. விமானம் மெதுவாக ஆக ஆக அதன் வலிமை குன்றும். எனவே அபாயம் மிகுந்த பகுதி தரையைத் தொட்டபின், நிற்பதற்கு முன், வருகின்றது. தொட்டவுடன் எழும்பிவிடுபவன் அப்பகுதியைப் பழகுவதேயில்லை. விதியை எழுதியவர் விமானத்தை நன்கறிந்தவர் என்பது இவ்விடத்தில் விளங்குகின்றது.

இரவுக்கு விதி இன்னும் கடுமை. சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழிந்தது முதல் மறுநாள் உதயத்திற்கு ஒரு மணி நேரம் முன்பு வரையில் பிரயாணியை ஏற்றிச் செல்பவன், அதே வேளையில், முந்திய 90 நாட்களுக்குள் மூன்று முறை எழும்பி, மூன்று முறை முற்றிலும் நிற்கும்படி இறங்கியிருக்க வேண்டும். பகலிற் செய்த இறக்கம் இரவுக்கு உதவாது. இரவிற் செய்தது பகலுக்கு உதவும். மாலை 6-30 மணிக்குச் சூரியன் மறையும் நாளில், பகற் பழக்கம் மட்டுமே உடைய விமானி 7-30 மணிக்குள் பிரயாணிகளைத் தரையில் இறக்கிவிடவேண்டும். எதிர்காற்றால் தாமதித்து 7-40 மணிக்கு வந்து சேர்ந்தால் அவன் விதியை மீறியவனாவான். வேடிக்கை என்னவெனில், அமெரிக்கச் சட்டத்தில் இரவு என்பதற்கு மூவகைப் பொருள் உண்டு. விளக்கேற்றுதற்குரிய இரவு சூரியன் மறைந்தவுடன் தொடங்குகின்றது. இரவிற் பறந்த நேரம் என்று குறிப்பேட்டில் எழுதுதற்குரிய இரவு அந்தி வெளிச்சம் நீங்கியபின் தொடங்குகின்றது. பிரயாணிகளுக்குரிய இரவு யாவற்றினும் பிந்தியது. இம்மூன்றையும் குழப்பிக்கொள்ளாத மாணவன் அரியன்.

இரவில் இறங்குதல் ஏன் வேறொரு கலையாகின்றது? பகலில் விமானி தன் உயரத்தைப் பாதையின் சொரசொரப்பு, ஓரத்துப் புல், நிழல், மரம் ஆகியவற்றைக் கொண்டு தன்னையறியாமலே அளந்துகொள்ளுகின்றான். இரவில் இவை யாவும் மறைந்துவிடுகின்றன. இரு வரிசை விளக்குகள் மாத்திரம் நிற்கின்றன. ஊரும் ஒளியுமற்ற இருட்பரப்பின் மேல் விளக்கிட்ட பாதையை நோக்கி வருபவனுக்குத் தான் மிக உயரத்தில் இருப்பதாகத் தோன்றும். அதனை நம்பித் தாழ்ந்து வந்து, பாதையை எட்டுமுன்னரே தரையில் மோதினவர் உளர். பெரிய பாதையில் பழகியவனுக்குக் குறுகிய பாதை தொலைவில் இருப்பதாகவும், குறுகியதில் பழகியவனுக்கு அகன்ற பாதை அருகில் இருப்பதாகவும் மயக்கந் தோன்றும். வடபுலத்துக் கோடைகாலத்திலோ வேறொரு தொல்லை. எட்டரை மணிக்குச் சூரியன் மறையும் ஊரில் ஒன்பதரை மணிக்குப்பின்னரே இரவுப் பயிற்சி தொடங்கலாம். காலையில் அலுவலுக்குச் செல்லவேண்டிய மனிதன் அதனைத் தள்ளிப்போடுவான். ஆகவே கோடை முடிந்து இரவு நீளத் தொடங்கும்பொழுது பலருடைய இரவுக் கணக்கு வெறுமையாகவே இருக்கும்.

கணக்குத் தவறியவன் யாது செய்வது? பகலில் அவன் தனியே விமானத்தை எடுத்துச் சென்று மூன்று முறை இறங்கிக் கணக்கை நேர்செய்துகொள்ளலாம். சட்டமே அதற்கு இடங்கொடுக்கின்றது. பயிற்சி தரும் ஆசிரியர் உடனிருந்தால் அவர் பிரயாணியாகக் கருதப்படுவதில்லை. ஆனால் உற்ற நண்பன் ஒருவன், அவனும் விமானியே ஆயினும், பக்கத்தில் வெறுமனே அமர்ந்து வருவானாயின் அவன் பிரயாணியே. கைப்பழக்கம் தளர்ந்தவனைத் தனியே பறக்கவிடுகின்ற சட்டம், ஒரு குழந்தையைக்கூட உடன் ஏற்ற விடுவதில்லை என்பது முதலில் முரணாகத் தோன்றும். சிந்தித்தால் அதன் நியாயம் விளங்கும். விமானி தன் கை எத்துணைத் தளர்ந்துள்ளது என்பதை ஒருவாறு அறிவான், அறிந்தே துணிகின்றான். பிரயாணிக்கு அது தெரியாது. இயந்திரத்தின் ஓசையிலிருந்தோ விமானியின் முகத்திலிருந்தோ அவன் அதனை அறிந்துகொள்ளவும் இயலாது. தான் அறியாத அபாயத்திற்கு எவரும் மெய்யான சம்மதம் தர முடியாதாகலின், அச்சம்மதத்தின் இடத்தில் சட்டம் மூன்று இறக்கங்களை வைத்திருக்கின்றது.

மூன்று போதுமோ என்று கேட்பின், போதாது என்பதே எம் கருத்து. 60 மணி நேரமே பறந்தவனுக்கும் 6,000 மணி நேரம் பறந்தவனுக்கும் விதி ஒரே எண்ணைக் கூறுகின்றது. காற்றசையாத விடியற்காலையில், நீண்டகன்ற பாதையில் செய்த மூன்று இறக்கங்கள், பக்கக் காற்று வீசும் பிற்பகலுக்கும் குறுகிய பாதைக்கும் சட்டப்படி செல்லும். பக்கக் காற்றில் இறங்குவோன் காற்றின் பக்கத்து இறக்கையைத் தாழ்த்திச் சுக்கானால் மூக்கை நேர்செய்து ஒரு சக்கரத்தில் முதலில் இறங்கவேண்டும். அமைதியான காலையில் அதற்கு வேலையே இல்லை. பாரமும் அவ்வாறே. செஸ்னா 172 எஸ் விமானம் ஏற்றத்தக்க முழு எடை 2,550 பவுண்டு. விமானி பாதி எரிபொருளுடன் தனியே பழகும்பொழுது அது ஏறக்குறைய 2,000 பவுண்டு இருக்கும். நாற்பேரும் மூட்டைகளும் ஏறியவுடன், எழும்புதற்கு நெடுந்தூரம் ஓடவேண்டும், ஏற்றம் மந்தமாகும், பின் ஆசனத்துப் பாரத்தால் மூக்கு எளிதில் நிமிரும், இறங்கும்பொழுது கை பழகிய அளவு பிழையாகும். தனியே பழகிய மூவிறக்கத்திற்குப்பின் முதன்முறை இந்நிலையைச் சந்திக்கும் நாளே அவன் குடும்பத்தை ஏற்றிச் செல்லும் நாளாக அமைகின்றது! விதியின் பெருங்குறை இதுவென எமக்குத் தோன்றுகின்றது.

இறங்குதலை எண்ணும் விதி பிற அபாயங்களைக் காணாது என்பதையும் மறத்தலாகாது. 1999 ஜூலை 16ஆம் நாள் இரவு, முன்னாள் ஜனாதிபதி கென்னடியின் புதல்வர் இளைய ஜான் கென்னடி, தம் மனைவியையும் மனைவியின் சகோதரியையும் ஏற்றிக்கொண்டு, நியூ ஜெர்ஸியிலிருந்து பைப்பர் சரடோகா விமானத்தில் புறப்பட்டார். மார்தாஸ் வினியார்ட் தீவுக்கருகில், பனிமூட்டத்தால் வானும் கடலும் பிரித்தறிய ஒண்ணாத இருளில், விமானம் நிலைகுலைந்து கடலில் விழ, மூவரும் மாண்டனர். இருளில் திசையுணர்வு மயங்கியதே காரணம் என்று விசாரணையில் முடிவு செய்யப்பட்டது. அவர் சுமார் 310 மணி நேரம் பறந்தவர். ஆயினும் அவ்விமானத்தில் ஆசிரியர் உடனின்றிப் பறந்தது சுமார் மூன்று மணி நேரமே. அதிலும் இரவிற் பறந்தது ஒரு மணி நேரத்திற்கும் குறைவு. அவர் ஓடுபாதையை நெருங்கவேயில்லை. இத்தகைய இருளில் ஒருவனைக் காப்பது, வெளியே பாராமல் கருவிகளை மட்டும் பார்த்து விமானத்தை நேரே நிறுத்தும் பழக்கம். மூன்று இறக்கங்களின் கணக்கில் அப்பழக்கத்திற்கு இடமில்லை.

ஏனைய நாடுகளின் விதிகளைச் சுருங்கக் கூறுவோம். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் 90 நாளில் மூன்று என்ற எண்ணே வழங்குகின்றது. ஆனால் இரவுக்கு ஓர் இறக்கமே போதும். கருவிகளை மட்டும் கொண்டு பறக்கும் தனித் தகுதி பெற்றவனுக்கு அதுவும் வேண்டியதில்லை. கானடாவில் ஆறு மாதத்திற்குள் ஐந்து முறை எழும்பி ஐந்து முறை இறங்கவேண்டும். இரவிற் செல்வோன் அவ்வைந்தையும் இரவிலேயே செய்திருக்கவேண்டும். பனிக்காலம் நீண்ட நாட்டில் காலத்தை நீட்டி எண்ணை மிகுத்தது பொருத்தமே.

இவ்விதியைக் காப்பவர் யார்? சிறு விமான நிலையத்தின் வாயிலில் நின்று விமானியின் குறிப்பேட்டை வாங்கிப் பார்ப்பவர் ஒருவருமிலர். அவன் எழுதியதே கணக்கு. அவன் மனச்சாட்சியே காவலன். விபத்து நேர்ந்தபின் விசாரணை செய்வோரும் காப்பீட்டு நிறுவனத்தாரும் அவ்வேட்டைத் தேடுவர். அதற்குள் பயன் கழிந்துவிடும். விமானத்தை வாடகைக்கு விடுவோரும் பறப்புக் கழகத்தாரும் இதனை உணர்ந்து, 60 நாள் என்றும் 30 நாள் என்றும் தமக்குள் இன்னும் குறுகிய எல்லை வைத்துக்கொள்ளுகின்றனர்; அவ்வெல்லையைக் கடந்தவன் ஆசிரியருடன் ஒருமுறை பறந்து காட்டினாலன்றிச் சாவி கிடைக்காது. பிரயாணியாக அழைக்கப்படுபவரும் வாய்மூடி ஏறவேண்டியதில்லை. “கடைசியாக எப்பொழுது இறங்கினீர்கள்? இதே விமானத்திலா? இரவு ஆகிவிட்டால் என் செய்வீர்கள்?” என்று அன்போடு வினவலாம். நல்ல விமானி இதனை அவமதிப்பாகக் கொள்ளான். குறிப்பேட்டை எடுத்துக் காட்டுவான்.

நெடுநாள் இடைவிட்ட விமானி, சட்டம் கட்டாயப்படுத்தாவிடினும், ஓர் ஆசிரியரை உடனழைத்துச் செல்வதே நன்று. முதலில் 3,000 அடி உயரத்திற்குச் சென்று மெதுவாகப் பறந்தும், இறக்கையின் ஆற்றல் அற்றுப்போகும் நிலையை வேண்டுமென்றே வருவித்து அதனினின்று மீண்டும் கையைப் பழக்குவர். பின்னர் நிலையத்திற்குத் திரும்பி, மடிப்புத் தகடு தாழ்த்தி ஒருமுறை, தாழ்த்தாமல் ஒருமுறை, இயந்திரம் நின்றதுபோல் விசையைக் குறைத்து ஒருமுறை இறங்குவர். ஒருமுறை தரையை நெருங்கியபின் வேண்டுமென்றே இறங்காமல் மேலெழும்புவர். மூன்று ஆனவுடன் நிறுத்தாமல், பக்கக் காற்று வீசும் நாளில் மறுபடியும் வந்து, பின் ஆசனத்தில் பாரமேற்றி இன்னும் சில முறை செய்வாரும் உளர். ஒவ்வொரு நாளும் முடிந்ததும் தேதி, விமானத்தின் பதிவெண், நிலையத்தின் பெயர், பகலில் இத்தனை, இரவில் இத்தனை, அவற்றுள் முற்றிலும் நின்றவை இத்தனை என்று குறிப்பேட்டில் மையால் எழுதப்படுகின்றது.